ஒரு கூப்பிடு இடைவெளி

பேச்சில் நான் தோற்றதில்லை. அடக்கத்தோடு சொல்லக்கூடிய செய்தியல்ல இது. ஆகவே பெருமையோடே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாள்களில் ஒரு தலைப்பை ஒட்டிப் பேசச் சொன்னாலும் வென்றேன். அதே தலைப்பை மறுவாரம் வெட்டிப் பேசச் சொன்னாலும் வென்றேன். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் என் கேடயங்களுக்கு அலமாரி போதாமல், இரண்டு கேடயங்கள் அம்மாவின் தையல் மெஷின்மீது ஏறி உட்கார்ந்திருந்தன. துணி தைக்க வேண்டிய நாள்களில் அம்மா அவற்றை இறக்கிக் கட்டிலில் வைப்பார். அந்த வீட்டில் என் புகழுக்கு விழுந்த ஒரே அடி அதுதான்.

கொல்லிமலையின் சமுதாய வானொலியில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தபோது, மேடை என்னைத் தேடி மலைமேல் ஏறி வந்துவிட்டதாகவே நினைத்தேன். செம்மேட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, உரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள்தாம் எங்கள் நிலையம். எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த அட்டைகள் ஈரம் குடித்து, கோழிப்பண்ணையின் வாசத்தை எங்களுக்கு நினைவூட்டும். நிலையத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருத்தி நான். மற்றவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், தேவனூர் நாட்டுக்காரர். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. முப்பது வயதைத் தாண்டியவர். பேச்சில் மிகச் சிக்கனம். என்னை ‘அம்மிணி’ என்று அழைப்பார். என் உரைகளைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமரிசனம், “மைக்கு நனஞ்சு போகுதுங்க அம்மிணி, சித்தெத் தள்ளி உக்காருங்க” என்பதுதான்.

நிலையத்துக்கு ஒரு தொலைபேசியும் உண்டு. நேயர்கள் அழைத்துப் பேசுவதற்கென்று வைத்தது. ஆனால் அந்த எண்ணைக் கீழேயிருந்த உரக்கடையின் எண் என்று யாரோ எங்கோ எழுதிவைத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் நான் உற்சாகமாக, “வணக்கம் நேயரே, என்ன பாடல் வேண்டும்?” என்பேன். மறுமுனையில், “யூரியா வந்துருச்சுங்களா?” என்பார்கள்.

கார்த்திகை மாதத்தின் ஒரு திங்கட்கிழமை பொறுப்பாளர் வந்தார். நிலையத்தை நடத்தும் அறக்கட்டளையின் சார்பில் வாரந்தோறும் காரில் மலையேறி வருபவர் அவர். அதே அறக்கட்டளைக்குச் சமவெளியில் இன்னொரு நிலையம் இருந்தது. அங்கே நேயர்களுக்குப் பஞ்சமில்லை. நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

“ஏம்மா, காலைல பக்திப் பாட்டு, பத்து மணிக்குப் பழைய பாட்டு, மத்தியானம் குத்துப் பாட்டு, நடுவுல நடுவுல உன் பேச்சு. இது ஸ்டேஷனா, சந்தையா? ஏதாவது ஒரு வகைப் பாட்டை முடிவு பண்ணு. இந்த ரேடியோன்னா இந்தப் பாட்டுன்னு ஜனங்களுக்குத் தெரியணும். பங்குனி பொறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மலைல ஆள் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா கீழ ஓடறதையே மேல ஏத்தி விட்டுரலாம்.”

அவர் போன பிறகு, மேலே ஏற்றுவது என்றால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன்.

“கோபுரம் மட்டும் நிக்குமுங்க. கீழ பேசறது இங்க கேக்கும். நீங்களும் நானும் வேண்டியதில்லீங்க.”

எனக்கு வேலை போவது பெரிதாகத் தோன்றவில்லை. இந்த மலைக்கென்று இருக்கும் ஒரே ஒலிபெருக்கியில் என் குரல் நின்றுபோவது பெரிதாகத் தோன்றியது. அதைக் காப்பாற்றும் வழி எனக்குத் தெரியும் என்றும் தோன்றியது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: பட்டிமன்றம்.

மார்கழியில், கீழேயிருந்த திடலில் பந்தல் போட்டு, ‘மலையின் மனத்துக்கு இதம் தருவது பழைய பாடலா, புதிய பாடலா?’ என்று ஒரு மன்றம் கூட்டினேன். மூன்று ஆசிரியர்கள் ஓர் அணி, மூன்று மாணவியர் மறு அணி, நடுவர் நான். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மக்கள் போர்வையோடு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். தீர்ப்புரையில் நான், பழைய பாடலை வேரென்றும் புதிய பாடலை விறகென்றும் கூறி, வேரின் பக்கம் நின்றேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலையும்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் என்னிடம் வந்து, “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. பாட்டு எப்பங்க போடுவீங்க?” என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் பாட்டைப் பற்றிப் பேசியும் ஒரு பாட்டும் போடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆர்வத்தில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, முடிவாயிற்று: பழைய பாடல்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரை. ஒவ்வொரு பாடலுக்கு முன்னும் அதன் உணர்வு, உவமை, வாழ்க்கைக்கு அது தரும் பாடம் ஆகியவற்றை நான் விளக்குவேன். பாட்டின் கடைசி வீணையொலி அடங்குமுன்பே என் குரல் அதன்மேல் ஏறிவிடும். இடைவெளி விழுவதை நான் பேச்சாளரின் தோல்வி என்றே கற்றிருந்தேன். தை பிறந்தது. தொலைபேசி அடித்தது. யூரியாவைத்தான் கேட்டார்கள்.

நேயர்களைத் தேடி நாமே போய், அவர்கள் பாராட்டைப் பதிவுசெய்து பொறுப்பாளருக்குக் காட்டுவோம் என்று முடிவுசெய்தேன். மறுநாள் காலைக்கான என் உரைகளை முன்கூட்டியே பதிவுசெய்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, முதல் பேருந்தில் திருப்புலி நாட்டுப் பக்கம் போனேன். மிளகு பறிக்கும் பருவம் அது. ஊருக்குள் ஆளில்லை, எல்லோரும் மரத்தின்மேல் இருந்தார்கள்.

சாலையை விட்டு இறங்கியதும் வந்த முதல் தோட்டத்தில் என் வயதையொத்த ஒரு பெண் நின்றிருந்தாள். நெடிய சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சி வரை ஏறியிருந்தது. கணுக்களில் கால் வைக்க இடம் விட்டுச் சீவிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதன் அடியை அவள் பிடித்துக்கொண்டிருக்க, மேலே இலைகளுக்குள் அவள் கணவன் பறித்துக்கொண்டிருந்தான். கீழிருந்து பார்த்தால் அவனுடைய பாதம் மட்டும் தெரிந்தது. அருகிலிருந்த பலா மரத்தில் அடித்திருந்த முளையில் ஒரு வானொலிப் பெட்டி தொங்கியது. அணைந்திருந்தது. மணி எட்டு, என் நிகழ்ச்சியின் உச்சம்.

“ரேடியோவ எதுக்குங்க அமத்தி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“வேலை நேரமுங்க.”

“வேலை நேரத்துலதானுங்க பாட்டு வேணும்?”

“பாட்டை ஆருங்க வேண்டாம்னாங்க? பாட்டுக்கு முன்னால ஒரு புள்ள வந்து பேசுமுங்க. மூச்சே உடாது. அது முடிக்கறதுக்குள்ள ஒரு மரம் பறிச்சு முடிஞ்சிரும்.”

பதிவுக் கருவி என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

“நான்தானுங்க அந்தப் புள்ள.”

அவள் கண்ணிமைக்கவில்லை. என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

“அப்படீங்களா? ரேடியோவுல கேட்டா நாலஞ்சு பேராட்ட இருக்கும். நேர்ல ஒல்லியாத்தான் இருக்கறீங்க.”

வழக்காடி வென்று பழகியவளுக்கு இந்த இடத்தில் எழும் ஆசை ஒன்றுதான்: சான்று காட்டுவது. “இப்பப் போட்டுக் கேளுங்க, அப்பறம் சொல்லுங்க” என்று நானே போய்ப் பெட்டியை முடுக்கினேன். ஒலியையும் கூட்டினேன். என் குரல் தோட்டத்தில் நிறைந்தது. ‘மிளகின் காரமும் பலாவின் இனிப்பும் ஒருசேர விளையும் இம்மாமலையின் மாண்புமிகு மக்களே!’ என் குரலை மலையின் நடுவில் நின்று நானே கேட்பது அதுவே முதல்முறை. நெஞ்சு விம்ம, கண்ணை மூடினேன்.

என் வலத்தோளுக்கு இரண்டு முழம் தள்ளி ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. பூமி அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால், வாய் பிளந்த சாக்கு. நான்கு திசையிலும் பச்சை மிளகு.

மேலே பாதங்கள் அசைந்தன. மடமடவென்று இறங்கி வந்தான் அவன். முகம் வெளுத்திருந்தது.

“சாக்கு வருது, வாங்கிக்கோன்னு மூணு தரம் கூப்புட்டேன்! ‘உம்’முன்னு சத்தம் வந்துச்சு, உட்டேன். கேட்டுச்சா இல்லியா உனக்கு?”

“ரேடியோவுல அந்தப் புள்ள ‘உம்’முன்னுச்சுங்க. நான் எங்க சொன்னேன்?” என்றாள் அவள். “உங்க வாயவிடப் பெரிய வாயா இருக்குதுங்க அது.”

“அதை எவடி போட்டது?”

அவள் என்னைக் காட்டினாள். “பேசுனவீங்களே வந்து போட்டாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். திட்ட வந்த வாயில் மரியாதை குறுக்கே வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு, “நல்லாப் பேசறீங்க” என்றான்.

அன்று முற்பகல் முழுவதும் காய்ந்த சருகுகளுக்குள் மிளகு பொறுக்கினேன். சாக்கு என் தலைக்கு நேரே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைவிட, அவன் கூப்பிட்ட மூன்று குரலும் என் ஒரு குரலில் மூழ்கிப்போனதே என்னை அரித்தது. என் பக்கத்தில் குந்திப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள்.

“பாட்டு எதா இருந்தா என்னங்க? பழசோ புதுசோ, சாமி பாட்டோ. ஒரு கூப்பிடு எடம் உடோணும். மேல இருக்கறவீங்க கூப்புட்டாக் காதுல உழுகோணும். இல்லேன்னா அமத்தித்தானே வெக்கோணும்?”

கூப்பிடு என்பது இங்கே தூரத்தின் பெயர். ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் ரெண்டு கூப்பிடு என்பார்கள். ஒருவர் குரல் போய்ச் சேரும் தொலைவு ஒரு கூப்பிடு. மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும். சாக்கு வருகிறது, ஏணியை நகர்த்து, சோறு ஆயிற்று, பேருந்து வந்துவிட்டது எனக் காலை முழுவதும் சரிவுக்குச் சரிவு குரல்கள் போய்வந்துகொண்டே இருக்கின்றன. நான் அந்தக் குரல்களின் வழியில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் குறுக்கே நின்றிருக்கிறேன். பழைய பாடலா புதிய பாடலா என்று மன்றம் கூட்டியவள், பாட்டு எந்த வேலைக்கு நடுவே ஒலிக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனக்குப் பேச்சு கற்றுத்தந்தவர்கள் இடைநிறுத்தத்தையும் கற்றுத்தந்திருந்தார்கள்; ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மூன்று எண்ணும் அளவுக்கு நிறுத்தினால் கைதட்டல் வரும். என் நிறுத்தங்கள் எல்லாம் எனக்காகவே இருந்தன. கேட்பவர் பேசுவதற்கென்று நான் ஒருபோதும் நிறுத்தியதில்லை.

மறுநாள் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “மொளகு எல்லாம் பொறுக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு நானே ஒரு முறையை வகுத்தேன். நிலையத்தின் பின்புறம் ஓர் ஓடை. அதற்கு அக்கரையில் மரவள்ளிக் காடு. சரியாக ஒரு கூப்பிடு. ஒலிபெருக்கியைப் பின்சன்னலில் வைத்து, எங்களிடமிருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிடுவேன். அண்ணன் மரவள்ளிக்குள் நின்றுகொண்டு, பாட்டின் நடுவில் எதையாவது கூப்பிட்டுச் சொல்வார். எனக்குக் கேட்டதை எழுதுவேன். சரியாக எழுதியிருந்தால் பாட்டு தேறியது, இல்லாவிட்டால் இல்லை.

பிற்பகல்களில் அந்தத் தேர்வு ஒரு வாரம் நடந்தது. என் நோட்டில் இடப்பக்கம் பாட்டின் முதலடி. வலப்பக்கம் அண்ணன் சொன்னவை. ‘மழை வர்றாப்ல இருக்குது.’ ‘இன்னிக்கு என்ன கொழம்பு?’ ‘கால்ல அட்டை கடிக்குது, சீக்கிரம் முடிங்க.’ ஒரு புல்லாங்குழல் பாட்டின் நடுவே, ‘அம்மிணி பேச்சுப் போட்டியில தோத்ததே இல்லியாமா?’ என்ற கேள்வி எழுத்துப் பிசகாமல் கேட்டது. அந்தப் பாட்டைத் தேறியது என்று எழுதவே மனம் வரவில்லை, ஆனாலும் எழுதினேன்.

தேறியவற்றை அடுக்கியபோது என் பட்டிமன்றத் தீர்ப்பு செல்லாததாகிவிட்டது. நான் வேரென்று புகழ்ந்த பழைய பாடல்களில் பாதி, நாற்பது வயலின்களோடு காதை அடைத்தன. விறகென்று இகழ்ந்த புதியவற்றில் சில, ஒற்றைக் குரலும் ஒற்றைத் தந்தியுமாக அக்கரைக்கு வழிவிட்டன. தாலாட்டு ஒன்று தேறியது. பக்திப் பாட்டு மூன்று தேறின. எக்காளத்தோடு தொடங்கும் ஒரு பாட்டைப் போட்டபோது, கீழே திண்பண்டக் கடையில் நின்ற இருவர் பேருந்து வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதை நீக்கினோம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் ஒன்றுமில்லாமல் விடுவது என்றும் முடிவாயிற்று. அறிவிப்பு, மணிக்கொரு முறை நேரம் சொல்வதோடு நின்றது.

மாசியின் முதல் நாள், புதிய பட்டியலைத் தொடங்கினோம். முதல் பாட்டு முடிந்தது. மௌனம். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நொடி. பதினைந்து நொடி. திடீரென்று, ‘மிளகின் காரமும் பலாவின் இனிப்பும் ஒருசேர விளையும் இம்மாமலையின் மாண்புமிகு மக்களே!’

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே பேசிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஓடி வந்து இயந்திரத்தைப் பார்த்தார். “சத்தம் வல்லேன்னா ஸ்டேஷன் செத்துப்போச்சுன்னு மெசின் நெனச்சுக்குதுங்க. அப்படி ஆச்சுன்னா எதையாச்சும் போடோணுமில்லீங்களா? உங்க பேச்சத்தான் வெச்சிருந்தேன். எது நின்னாலும் அது நிக்காதுன்னு.”

அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகளிலும் நான் பேசினேன். இயந்திரத்தின் அந்தப் பழக்கத்தை மாற்றச் சமவெளியிலிருந்து ஆள் வர வேண்டும். அண்ணன் மூலையில் கிடந்த பெட்டியைக் கிளறினார். பிறகு ஒரு பழைய மைக்கை எடுத்து, முன்சன்னலைத் திறந்து, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தாற்போல வெளியே கட்டினார். “இனி சும்மா இருக்கறப்ப இதத் தொறந்து உட்றலாமுங்க. வெளிச் சத்தம் லேசா ஓடும். மெசினுக்குச் சத்தம் ஆச்சு. காட்டுல இருக்கறவீங்களுக்குச் சும்மாவும் ஆச்சு.”

அவ்வாறே செய்தோம். பாட்டு முடிந்ததும் அரை நிமிடம், செம்மேட்டின் காலை மெல்லிய ஒலியாகப் போகும். காக்கை, தேநீர் ஆற்றும் ஓசை, யாரோ இருமுவது. இதை யார் கேட்பார்கள் என்ற ஏக்கம் எனக்கு இருந்தது. மாசி நகர்ந்துகொண்டிருந்தது. தொலைபேசி மட்டும் ஊமையாகிவிட்டது. யூரியாவைக்கூட யாரும் கேட்கவில்லை. பருவம் முடிந்திருக்கும் என்றார் அண்ணன்.

கெடு முடியும் திங்கட்கிழமை வந்தது. பொறுப்பாளர் ஏழு மணிக்கே வந்து அறையில் உட்கார்ந்தார். அவருக்கென்று ஓர் உரை எழுதிவைத்திருந்தேன். பன்னிரண்டு பக்கம். மலையின் குரல் மலையிலிருந்தே எழ வேண்டும் என்பதற்கு ஒன்பது காரணங்கள். நான்கு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். எட்டாவது காரணத்தில் குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தைக்கூடப் பென்சிலால் குறித்திருந்தேன். உரை என் மடியில் இருந்தது. பாட்டு ஒன்று முடிந்து இடைவெளி தொடங்கியது.

“என்னம்மா, ஒண்ணும் வரலை? கரண்ட் போயிருச்சா?”

“இடைவெளிங்க ஐயா.”

“எதுக்கு?”

உரையைத் தொடங்க வேண்டிய தருணம். எழுந்து நின்றேன். அடுத்த பாட்டு ஓடி, மீண்டும் ஓர் இடைவெளியும் போனது. நான் இரண்டாம் காரணத்தில் இருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. பொறுப்பாளரே எடுத்து, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

“ஏனுங்க, இன்னிக்கு ஆரன் போடலீங்களே?” ஓர் ஆண் குரல்.

“எந்தப் பாட்டுங்க?”

“ஆரனுங்க. ஏழு மணிக்குப் போடுவீங்கல்ல? இழுத்து ஒண்ணு, உட்டு ரெண்டு. அதக் கேட்டுட்டுத்தானுங்க நாங்க கெளம்பறது. ஏழேகால் ஆச்சுங்க.”

அவர் வைத்ததும் மறு அழைப்பு. குண்டனி நாட்டிலிருந்து ஒரு பெண். “ஆரன் பாட்டு மறந்துட்டீங்களா சாமி? புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். கட்டிக் கெளப்பி வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன்.” அதற்கடுத்து இன்னொன்று. தொலைபேசியை வைக்க விடாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். “எந்தப் படத்துப் பாட்டும்மா அது, ஆரன்?”

ஆரன் என்றது ஹாரனை என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சமவெளியிலிருந்து ஏறி வரும் முதல் பேருந்து, செம்மேட்டில் நுழையும்போது ஓட்டுநர் ஒரு முறை இழுத்தும் இரண்டு முறை வெட்டியும் ஒலிப்பான் அடிப்பார். அது நாள்தோறும் எங்கள் சன்னல் மைக்கில், நான் ஏழு மணி என்று சொன்னதும் விடும் இடைவெளியில் விழுந்திருக்கிறது. அந்தப் பேருந்துதான் இங்கிருந்து உள்நாடுகளுக்குப் போகிறது. வானொலியில் ஒலிப்பான் கேட்டால், தங்கள் ஊருக்கு இத்தனை நேரத்தில் பேருந்து வரும் என்று மக்கள் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பனியில் ரோட்டோரம் நிற்காமல், மரத்தின்மேலேயே இன்னும் கொஞ்சம் பறித்துவிட்டு இறங்குகிறார்கள். அது நாங்கள் வேண்டுமென்றே போடுவது என்றும் எண்ணியிருக்கிறார்கள். ஒரு மாதமாக அவர்கள் கேட்டுவந்தது பாட்டை மட்டும் அல்ல. பாட்டுகளுக்கு நடுவில் நான் பேசாமல் இருந்ததை.

“படத்துப் பாட்டு இல்லீங்க சார்,” என்றார் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். “நம்ம சொந்தப் பாட்டுங்க.”

அன்று அந்தப் பாட்டு வரவில்லை, பேருந்தே வரவில்லை. அண்ணன் கீழே ஓடிப்போய் விசாரித்துவந்தார். பாதி மலையில், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டதாம். மாற்றுப் பேருந்து எட்டரைக்கு மேல்தான் வருமாம்.

நான் மைக்கின் முன் அமர்ந்தேன். கையிலிருந்த பன்னிரண்டு பக்கமும் தரையில் நழுவின. எடுக்கவில்லை. பாட்டு முடியக் காத்திருந்து, பொத்தானை அழுத்திச் சொன்னேன்: “முதல் பேருந்து வழியில் நின்றுவிட்டது. எட்டரைக்கு மேல் வரும். வந்ததும் ஒலிப்பான் கேட்கும்.” கையை எடுத்துவிட்டேன்.

தொலைபேசி ஒரு நிமிடத்தில் அடங்கியது. கடைசியாக ஓர் அழைப்பு மட்டும் வந்தது. குரலைக் கேட்டதும் சருகும் பச்சை மிளகும் நினைவுக்கு வந்தன.

“அம்மிணி, நீங்களா பேசுனது? இத்தன நாள்ல இன்னிக்குத்தானுங்க பேசுனீங்க.”

பொறுப்பாளர் சன்னலருகே போய், வெளியே கட்டியிருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தார். “காலை ரெண்டு மணி நேரம் உங்களுதாவே இருக்கட்டும்” என்றார் கடைசியில். “மத்தியானமும் சாயங்காலமும் கீழேருந்து வரும். அதுக்கு மேல என்னால பேச முடியாது.” அரை வெற்றி. வாதத்தில் நான் ஒருபோதும் அரை வெற்றி பெற்றதில்லை. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் தலையை மட்டும் அசைத்தேன். நான் எழுதிவந்த ஒன்பது காரணங்களில் ஒலிப்பான் இல்லை என்பதும் உறுத்தியது.

அவருடைய கார் இறங்கிப்போனபோது மணி எட்டு நாற்பது; எட்டரைக்கு முடிய வேண்டியதைப் பேருந்துக்காக நீட்டியிருந்தோம். தாலாட்டுப் பாட்டு முடிந்து சன்னல் மைக் திறந்திருந்தது. கீழே தொலைவில் ஓர் இயந்திரம் மூச்சிரைத்து ஏறும் ஓசை. மக்களே, இதோ, நீங்கள் காத்திருந்த பேருந்து என்று சொல்ல என் விரல் தானாகவே பொத்தான்மேல் போய் நின்றது. அழகான வாக்கியம் ஒன்றும் நாவில் வந்துவிட்டது. இழுத்து ஒன்று, விட்டு இரண்டு. ஒலிப்பான் அறையை நிறைத்து, மலையின் எல்லா நாடுகளுக்கும் போனது. நான் விரலை எடுத்துக்கொண்டேன்.